இதை யார் டைப் பண்ணுவாங்க?

ஹெல்த்கேர்னு ஒரு ட்ராக் இல்லாத ஹேக்கத்தானை நீங்க பாத்திருக்கீங்களா? நாலு வருஷத்துல நான் ஒண்ணு கூட பாக்கல. அந்த ட்ராக்ல வர்ற ஐடியாக்களும் நமக்கு மனப்பாடம். அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரு டோக்கன் ஆப், மருந்து ஸ்டாக்குக்கு ஒரு டேஷ்போர்டு, கர்ப்பிணிகளுக்கு ஒரு சாட்பாட். இப்போ எல்லாத்துக்கும் முன்னாடி 'ஏஐ'னு ஒரு ஒட்டு. நான் கிண்டல் பண்ணல. அதுல சிலது நிஜமாவே நல்ல கோடு, நல்ல டிசைன். ஆனா டெமோ முடிஞ்சு கேள்வி நேரம் வரும்போது, ஜட்ஜ் யாரும் கேட்டு நான் பாக்காத ஒரு கேள்வி இருக்கு.

"இதுக்குள்ள டேட்டாவை யாருப்பா டைப் பண்ணுவா?"

எனக்கு இந்தக் கேள்வி முதல்ல வர்றதுக்குக் காரணம் என் வீடு. அம்மா கிராம சுகாதார செவிலியர். சேலம் மாவட்டத்துல ஒரு துணை சுகாதார நிலையம். ஊர்ல யாரும் அந்தப் பதவிப் பேரைச் சொல்ல மாட்டாங்க, 'நர்சம்மா'தான். சமவெளியில 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில 3,000 பேருக்கு ஒண்ணுங்கிறது நாட்டோட பொதுவான அளவுகோல். அதாவது நம்ம காலேஜ் மாதிரி ஒரு கூட்டத்துல யார் கர்ப்பமா இருக்காங்க, எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி, யாருக்கு பிரஷர் மாத்திரை தீரப்போகுதுன்னு ஒரே ஆளு தெரிஞ்சு வச்சிருக்கணும்.

நான் படிச்சது இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல சரளமா வாசிக்கப் பழகினதே அம்மாவோட ரிஜிஸ்டர்லதான். ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் நான் ரிஜிஸ்டரை வாசிப்பேன், அம்மா போர்ட்டல்ல டைப் பண்ணுவாங்க. பகல்ல ஃபீல்டுல நடந்தே நேரம் போயிடும், நெட்டும் சரியா எடுக்காது. அதனால ராத்திரிதான். கணவர் பேரு, வயசு, கடைசி மாதவிடாய் தேதி, எத்தனையாவது பிரசவம், ரத்தத்துல ஹீமோகுளோபின் எவ்வளவு. ப்ளஸ் டூ படிக்கிறப்போ ஒரு நாள் உக்காந்து எண்ணினேன். ஒரே பெண்ணோட அதே விவரங்கள் ஆறு இடத்துல போகுது: ரிஜிஸ்டர், அந்தப் பெண் கையில இருக்கிற அட்டை, போர்ட்டல், மாசாந்திர ரிப்போர்ட், வாட்ஸ்அப் குரூப், அப்புறம் அம்மாவோட சின்ன டைரி.

அந்த டைரியைப் பத்தி கொஞ்சம் சொல்லணும். அதை எழுதச் சொல்லி எந்த மேலதிகாரியும் உத்தரவு போடல. ஒரு மாசத்துக்கு ஒரு பக்கம். அந்த மாசம் பிரசவம் ஆகப்போறவங்க பேரு தேதி வரிசையில இருக்கும். ரத்தம் குறைவா இருக்கிறவங்க, முதல் பிரசவம் சிசேரியன் ஆனவங்க, பிரஷர் ஏறியிருக்கிறவங்க பேரெல்லாம் சிவப்பு மையில. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல ஒரு ஆட்டோக்காரர் நம்பர், வீட்டுல போன் எடுக்கக்கூடிய ஒருத்தர் நம்பர். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பர் படிச்சவங்களுக்கு இது என்னன்னு உடனே புரிஞ்சிருக்கும். பிரயாரிட்டி க்யூ! ஆறு இடத்துல எழுதினாலும், ராத்திரி ரெண்டு மணிக்கு போன் அடிச்சா அம்மா கை போறது அந்த டைரிக்குத்தான். மத்த அஞ்சும் மேல போகுது. மேல போனது திரும்பி வந்து அம்மாவுக்கு எதுவும் சொல்றதில்ல.

அரசு மருத்துவத்தை நவீனப்படுத்துறது பத்தி நான் சொல்ல நினைக்கிறது மொத்தமே இவ்வளவுதான். தகவலைக் கொடுக்கிற ஆளுக்கு அந்த சிஸ்டம் என்ன திருப்பிக் கொடுக்குது? எதுவும் கொடுக்கலைன்னா அது அவங்களுக்கு இன்னொரு வேலை. கொடுத்தா, யாரும் மேற்பார்வை பாக்காமலேயே அது ஓடும்.

'அரசாங்கத்துல இதெல்லாம் நடக்குமா'ன்னு கேக்காதீங்க. நம்ம மாநிலத்துலயே நடந்திருக்கு, நம்மள்ல யாரும் பொறக்காத காலத்துல. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. அரசு ஆஸ்பத்திரி மாத்திரை அட்டையில 'தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல'ன்னு அச்சடிச்சிருக்கும் இல்லையா, அந்த மாத்திரையை மொத்தமா வாங்கி மாநிலம் பூரா அனுப்புறது அவங்கதான். அதுக்கு முன்னாடி கொள்முதல் சிதறிக் கிடந்தது. ஒரு இடத்துல மருந்து தேதி முடிஞ்சு வீணாகும், இன்னொரு இடத்துல அதே மருந்து இருக்காது.

அவங்க முதல்ல பண்ணின காரியம் ஒரு பட்டியல். சந்தையில ஆயிரக்கணக்கான பிராண்டு இருக்கட்டும், நமக்கு அத்தியாவசியமான மருந்துகள் எவை? அவை மட்டும், பிராண்டு பேர் இல்லாம மருந்தின் பேர்ல. அப்புறம் மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டர். முதல்ல கம்பெனியோட தகுதியைப் பாக்கணும், அதுல தேறினவங்களோட விலையை மட்டும் அப்புறம் பிரிக்கணும். வந்த மருந்துல மாதிரி எடுத்து, கம்பெனி பேரை மறைச்சு, வெறும் குறியீட்டு எண்ணோட பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பணும். எந்தக் கம்பெனி மருந்தைச் சோதிக்கிறோம்னு சோதிக்கிறவருக்கே தெரியாது. தேறினாதான் கிடங்கிலிருந்து அது வெளிய போகும். மாவட்டங்கள்ல கிடங்குகள், அங்க எவ்வளவு இருப்பு இருக்குங்கிற கணக்கு கம்ப்யூட்டர்ல.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச பாகம் கம்ப்யூட்டர் இல்ல, பாஸ்புக். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் பேங்க் மாதிரி ஒரு பாஸ்புக். உங்களுக்கு இத்தனை ரூபாய்க்கு மருந்து எடுத்துக்க உரிமை இருக்குன்னு அதுல போட்டிருக்கும். பட்டியல்ல இருக்கிற எந்த மருந்து எவ்வளவு வேணும்ங்கிறதை நீங்களே முடிவு பண்ணலாம். எடுத்தா பதிவாகும், பாக்கி குறையும். பாம்புக்கடி அதிகமா வர்ற ஊருக்கு ஒரு தேவை, மலேரியா வர்ற ஊருக்கு வேற தேவை. சென்னையில உக்காந்து ஒருத்தர் அதை ஊகிக்க வேண்டியதில்ல. மருந்தாளுநர் அந்தப் பாஸ்புக்கை ஏன் ஒழுங்கா வச்சுக்கிறார்? எழுதினா மருந்து வருது. தகவல் கொடுக்கிறவருக்கு உடனே கையில பலன்.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல நாம படிச்ச ஃபீட்பேக் லூப் இதுதான். கீழ இருந்து செலவுக் கணக்கு மேல போகுது, மேல இருந்து மருந்து கீழ வருது, லூப் மூடிடுச்சு. அம்மாவோட போர்ட்டல்ல லூப் திறந்தே கிடக்கு. தொண்ணூறுகள்ல ஆரம்பிச்ச இந்த முறையைத்தான் பின்னாடி கேரளா, ராஜஸ்தான் மாதிரி மாநிலங்களும் பாத்து தங்களுக்குன்னு கழகங்கள் அமைச்சாங்க. ராஜஸ்தான்ல 2011 அக்டோபர் 2-ம் தேதி தொடங்கின இலவச மருந்துத் திட்டம் அப்படி ஒரு கழகத்தை நம்பித்தான் ஓடுது.

இப்போ எதிர்ப்பக்கம் ஒண்ணு. பிரிட்டன்ல அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்-க்கு 2002-ல் ஒரு பிரம்மாண்டமான ஐ.டி திட்டம் ஆரம்பிச்சாங்க. நாட்டுல எல்லாரோட மருத்துவப் பதிவும் எலக்ட்ரானிக்கா மாறணும்னு திட்டம். பெரிய பெரிய கம்பெனிகளுக்கு கான்ட்ராக்ட். 2011-ல் திட்டத்தைக் கலைக்கிறதா அரசாங்கமே அறிவிச்சது. செலவு ஏறக்குறைய 1,000 கோடி பவுண்ட். இஞ்சினியர்களுக்குப் பஞ்சமில்ல, பணத்துக்கும் பஞ்சமில்ல. மேல முடிவாகி கீழ இறக்கப்பட்ட திட்டம் அது. தினமும் அதைப் பயன்படுத்த வேண்டிய டாக்டர்களையும் நர்ஸ்களையும் முதல்லயே போதுமான அளவு கலந்துக்கலங்கிறது அது மேல சொல்லப்பட்ட முக்கியமான குறை. ஒரு பாஸ்புக் நின்னுச்சு, ஆயிரம் கோடி பவுண்ட் நிக்கல.

சரி, டோக்கன் ஆப் பக்கம் வருவோம். க்யூயிங் தியரியில லிட்டில்ஸ் லா படிச்சிருப்பீங்க. ஜான் லிட்டில் 1961-ல் நிரூபணத்தோட வெளியிட்டது. ஒரு இடத்துக்குள்ள சராசரியா எத்தனை பேர் இருப்பாங்கங்கிறது, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பேர் வர்றாங்க, ஒவ்வொருத்தரும் எவ்வளவு நேரம் உள்ள இருக்காங்கங்கிற ரெண்டையும் பெருக்கினா வர்றதுதான். ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் காலையில மணிக்கு 40 பேர் வர்றாங்கன்னு வச்சுக்கோங்க. சீட்டு, டாக்டர், லேப், மருந்து எல்லாம் முடிஞ்சு வெளிய வர ஆளுக்கு ஒன்றரை மணி நேரம். அப்போ எந்த நேரமும் உள்ள 60 பேர். பெஞ்சு பத்துப் பேருக்குத்தான்.

இதுல சீட்டு போடுற இடத்துல மட்டும் ஆப் வச்சா என்ன ஆகும்? சீட்டு சீக்கிரம் கிடைக்கும், அந்தக் கூட்டம் அப்படியே டாக்டர் ரூம் வாசலுக்கு நகரும். அங்க இன்னொரு டாக்டர் வந்தா மருந்து கவுன்டருக்கு நகரும். எங்க அடைப்பு இருக்குன்னு பாக்காம எங்க ஆப் பண்ண ஈஸியோ அங்க பண்ணினா, வரிசை இடம் மாறும், குறையாது. ஸ்மார்ட்போன் இல்லாத தாத்தா மட்டும் இன்னும் பின்னாடி போவார்.

அதே கணக்கை வேற பக்கத்துல இருந்து பிடிச்ச திட்டம் ஒண்ணு நம்ம கண்ணு முன்னாடி இருக்கு. மக்களைத் தேடி மருத்துவம், 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துல தொடங்கினது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை மாசா மாசம் வாங்கறவங்களுக்கு வீட்டுக்கே மருந்து. இதை நிறைய பேர் கருணைத் திட்டமா மட்டும் பாக்குறாங்க. ஒரு இஞ்சினியரா பாருங்க. வெறும் மாத்திரைக்காக வர்றவங்க வரிசையிலிருந்து வெளிய போயிட்டாங்க. மணிக்கு 40 பேர் 30 ஆனா, அதே ஒன்றரை மணி நேரம்னாலும் உள்ள 45 பேர்தான். நெரிசல் குறைஞ்சா அந்த ஒன்றரை மணி நேரமும் குறையும். ஆப் எதுவும் வைக்காம வரிசையைச் சுருக்கின டிசைன் இது.

இன்னொரு பிரச்சினை இடைமுகம். ஒரு சிஸ்டம் பெரும்பாலும் உடையறது ரெண்டு பாகம் ஒட்டுற இடத்துலதான். 1999-ல் நாசாவோட செவ்வாய் ஆர்பிட்டர் போனது எதனால? ஒரு டீம் பவுண்ட் கணக்கு, இன்னொரு டீம் நியூட்டன் கணக்கு. மருத்துவத்துலயும் அதே கதை இருக்கு. வெறும் வயித்துல எடுத்த சர்க்கரை அளவு 126-ம் 7-ம் ஒண்ணுதான். முதலாவது டெசிலிட்டருக்கு மில்லிகிராம், ரெண்டாவது லிட்டருக்கு மில்லிமோல். அலகு இல்லாம வெறும் எண்ணை மட்டும் அனுப்பினா அடுத்த சிஸ்டம் என்ன புரிஞ்சுக்கும்?

நம்ம ஊர்ல ஒரு நோயாளியோட மெடிக்கல் ரெக்கார்டு எதுல இருக்குன்னு தெரியுமா? ஜவுளிக்கடைப் பையில. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, பழைய சீட்டு எல்லாம் சுருட்டி ஒரு மஞ்சப்பை இல்லன்னா கட்டைப்பை. துணை சுகாதார நிலையத்திலிருந்து தாலுகா ஆஸ்பத்திரி, அங்கிருந்து மெடிக்கல் காலேஜ், ஒவ்வொரு இடத்துலயும் ஒரு புது ஓ.பி நம்பர். பை தொலைஞ்சா வரலாறே தொலைஞ்சுது. இதைச் சரி பண்ணத்தான் 2021 செப்டம்பர்ல நாடு முழுக்க ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் வந்தது. ஆளுக்கு 14 இலக்க எண், சம்மதம் கேட்டுத்தான் பதிவைப் பகிரணும்னு விதி, சிஸ்டங்கள் தங்களுக்குள்ள பேச எஃப்.எச்.ஐ.ஆர்-னு ஒரு பொதுத் தரம். கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆட்கள் அந்தத் தரத்தை ஒரு தடவை படிச்சுப் பாருங்க. சலிப்பான வேலைதான். ஆனா பையைத் தூக்கிட்டு அலையற வேலை குறையணும்னா இந்தச் சலிப்பான வேலையை யாராவது பண்ணித்தான் ஆகணும்.

எல்லாத்தையும் டிஜிட்டல் ஆக்கிட்டு பேப்பரைத் தூக்கிப் போட்டுடலாமா? 2022 நவம்பர் 23-ம் தேதி டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் மேல ரான்சம்வேர் தாக்குதல் நடந்தது. நாட்டிலேயே பெரிய ஆஸ்பத்திரிகள்ல ஒண்ணு, நாள் கணக்கா கையால எழுதித்தான் ஓடுச்சு. கையால எழுதத் தெரிஞ்ச ஆட்கள் இருந்ததால ஓடுச்சு. கரன்ட் போனா, நெட் போனா, சர்வர் போனா அடுத்த பத்து நிமிஷம் என்ன பண்றதுங்கிறதும் டிசைனோட ஒரு பாகம். ரிவியூவுல அதுக்கு ஒரு ஸ்லைடு ஒதுக்குங்க.

என் ஃபைனல் இயர் புராஜெக்ட் இந்தக் கோபத்துல பொறந்ததுதான். சொன்னா சின்னதா தெரியும். கர்ப்பிணிகள் விவரத்தை ஒரு தடவை உள்ளிட்டா, மாசம் பொறக்கும்போது ஒரு பக்கம் பிரிண்ட் வரணும். தேதி வரிசையில பேரு, ஆபத்து இருக்கிறவங்க மேல. அவ்வளவுதான். அசல் ஆட்களோட விவரம் ஒண்ணு கூட அதுல இல்ல, எல்லாம் நானே உருவாக்கின பொய்ப் பேரு, பொய்த் தேதி. ஒரு பெண்ணோட உடம்பு பத்தின தகவலை வச்சு நான் டெமோ காட்டக்கூடாது.

முதல் ரிவியூவுல கேட்ட கேள்வி: "இதுல நாவல்ட்டி எங்க? இது வெறும் சார்ட்டிங் தானே?" சார்ட்டிங்தான். மாடலை மாத்துங்க, ஏதாவது மெஷின் லேர்னிங் சேருங்கன்னு நண்பர்கள் சொன்னாங்க. மார்க் வேணும், பிளேஸ்மென்ட்ல சொல்லவும் ஏதாவது வேணும். ரெண்டு நாள் யோசிச்சேன். அப்புறம் அந்தப் பிரிண்ட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் அம்மாகிட்ட குடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தாங்க.

"நல்லாருக்கு கண்ணு. ஆட்டோ நம்பருக்கு ஒரு கட்டம் விடு. எழுத்தைக் கொஞ்சம் பெருசாக்கு, ராத்திரி டார்ச் வெளிச்சத்துல பாக்கணும்ல."

நாலு வருஷத்துல நான் கேட்ட ரிவியூக்கள்ல இதுதான் ரொம்பத் துல்லியமான ரிக்வயர்மென்ட். மாடலை மாத்தல. கட்டம் விட்டாச்சு, எழுத்து 14 பாயின்ட் ஆச்சு. ரெண்டாவது ரிவியூ அடுத்த மாசம். 'நாவல்ட்டி'ங்கிற ஸ்லைடுல அம்மா சொன்ன ரெண்டு வரியை அப்படியே போட்டிருக்கேன். என்ன மார்க் வருதுன்னு பாப்போம்.

உங்கள்ல யாராவது அடுத்த செமஸ்டர்ல ஹெல்த்கேர் ட்ராக் எடுக்கப் போறீங்கன்னா, லேப்டாப்பைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு காலை செலவு பண்ணுங்க. பக்கத்துல இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துல மருத்துவ அலுவலர்கிட்ட அனுமதி கேட்டு, ஒரு நோட்டு, ஒரு வாட்ச்சோட ஓரமா உக்காருங்க. யார் பேரையும் எழுதாதீங்க. எங்க வரிசை நிக்குது, எவ்வளவு நேரம் நிக்குது, அதே விவரத்தை எத்தனை பேர் எத்தனை இடத்துல எழுதுறாங்கன்னு மட்டும் குறிங்க. பதினோரு மணிக்குக் கூட்டம் குறைஞ்சதும் மருந்தாளுநர்கிட்டயோ நர்சம்மாகிட்டயோ, "நீங்க உங்களுக்காக மட்டும் வச்சிருக்கிற நோட்டு ஏதாவது இருக்காக்கா?"ன்னு கேளுங்க. நிச்சயம் ஒண்ணு இருக்கும். அதைக் காட்டச் சொல்லி, அதிலிருந்து ஆரம்பிங்க.